வாத்துக்கு வச்ச பேரு

வாங்கம்மா, செருப்பை அங்கனயே கழட்டிப் போடுங்க. படி ஈரமா இருக்கும், பாத்து ஏறுங்க. சாரல் விட்டபாடில்ல, துணி ஒண்ணு காய மாட்டேங்கு. இந்தா, இதுதான் மாடி. முன்ன ஒரு ரூமு, உள்ள ஒரு ரூமு, அடுக்களை அந்தப் பக்கம். தண்ணிக்குக் கொறவில்ல. வாடகையெல்லாம் கீழ போயிப் பேசிக்கிடலாம், வீட்ட முதல்ல பாருங்க.

என்ன சன்னல்ட்டயே நிக்கிய? பின்னால எடத்தையா பாக்கிய? பாருங்க, நல்லாப் பாருங்க. வீடு பாக்க வாரவுக எல்லாரும் அங்கனதான் பாக்காவ. "இவ்வளவு எடம் ஏன் மொட்டையாக் கெடக்கு?"ன்னு கேக்காவ. நீங்களும் கேக்கத்தான் போறிய. அதுக்கு முன்ன நானே சொல்லிருதேன். உக்காருங்க. நாற்காலி பழசு, ஆனா ஆடாது.

உங்களுக்கு முன்ன இங்கன ஒருத்தி குடியிருந்தா. எழிலரசின்னு பேரு. பேருக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. அவ வீட்டுக்காரன் காத்தாலையில, கரண்டு எடுக்குத அந்தக் காத்தாடிக் கம்பெனியில வேலை பாக்கான், வாரக் கடைசியில எட்டிப் பாப்பான். இவ வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டிக்கிட்டு இருப்பா. கழுத்துல ஒரு மஞ்சக்கயிறு, காதுல ஒரு பொட்டுத் தோடு, அவ்வளவுதான் அலங்காரம். வந்த அன்னைக்கே கேட்டா, "அத்தை, பின்னால எடம் சும்மாத்தான கெடக்கு, நான் கொஞ்சம் செடி வச்சுக்கிடட்டுமா?"ன்னு. அத்தையாம்! நான் அவளுக்கு எந்த வழியில அத்தை? சரி, ஆசைப்படுதா, ரெண்டு ரோசு, ஒரு பிச்சிக்கொடி வைப்பா, தலைக்குப் பூ ஆச்சுன்னு நெனச்சு, வச்சுக்கோன்னுட்டேன். எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்.

வச்சாளே! என்னத்த வச்சாங்கிய? ஆவாரை. எருக்கு. நொச்சி, துத்தி, தும்பை. ஏம்மா, தும்பையப் போயி யாராவது நடுவாவளா? நான் கல்யாணமாகி இந்த வீட்டுல குடியேறின நாள்ல இருந்து அந்த எடத்துல எதையெல்லாம் புடுங்கி எறிஞ்சனோ, அதையெல்லாம் ஒண்ணுவிடாம பையில வாங்கிட்டு வந்து நடுதா. தெருப்பக்கம் வேலிக்குக் கம்பி இருக்கு. அது போதாதுன்னு ஓரத்துல சுத்தி ஆதண்டை. முள்ளு! காசு குடுத்து முள்ளு வாங்குத கோட்டிக்காரிய நான் அப்பதான் பாத்தேன். கேட்டா, "இது நம்ம மண்ணுச் செடி அத்தை, பெருசாத் தண்ணி ஊத்த வேண்டாம், தானா வரும்"ங்கா. தானா வாரதுக்கு எதுக்குடி நீ முதுகொடிய நடுத? கேட்டேன். சிரிக்கா.

பக்கத்து வீட்டு டீச்சர் மதிலுக்கு மேல எட்டிப் பாத்து, "என்ன, பின்னால காடா விட்டுட்டிய?"ன்னு கேட்டுட்டா. எனக்கு மானமே போச்சு. எங்க வீட்டுப் பொறவாசல் எப்பிடி இருக்கும் தெரியுமா? காலையில தூத்துத் தெளிச்சம்னா ஒரு எலை கெடக்காது. வெறுந்தரையில சோறு போட்டுத் திங்கலாம். யாரும் தின்னதில்ல, ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்.

அது காடா வளந்துச்சு. வளந்ததும் சும்மா இருந்தாளா? கோழி வாங்கிட்டு வந்துட்டா. ஒரு சேவலும் நாலஞ்சு பொட்டையும், நாட்டுக்கோழி. கோழி என்ன செய்யும்? கெளைக்கும். இவ புதுசா நட்ட கன்னையெல்லாம் கெளைச்சுத் தள்ளிச்சு. நான் படியில நின்னு பாத்து வாய்விட்டுச் சிரிச்சேன். அவ அதுக்கு அசரணுமே! கன்னுக்கு மேல கூடையக் கவுத்தா, கூடைக்கு மேல ஒரு கல்லு. ஊருல எல்லாரும் கோழியக் கூடையில போட்டு மூடுவாவ. இவ செடியப் போட்டு மூடுதா. "செடி கொஞ்சம் மேல வந்துட்டா கோழிக்கு நெழலு அத்தை. பருந்து கண்ணுல படாது"ங்கா. பூச்சி வரணும்னு செடி வைக்கா, வந்த பூச்சியத் திங்கக் கோழி வளக்கா. இதுல யாருக்கு என்ன லாபம்? அந்தக் கணக்கு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

பொறவு வாத்து. எதுக்குன்னா, நத்தைக்காம். சாரல் காலத்துல செவுருல ஏறும்லா, அந்த நத்தை. ஒரு பிடி உப்பத் தூவுனா தீந்துச்சு. அதுக்கு ஒரு கூட்டம் வாத்து! வாத்துன்னா தண்ணி வேணும், தண்ணின்னா குழி வேணும். குழி வெட்ட ஆளு?

அங்கனதான் எங்க வீட்டுக்காரர் இந்தக் கதைக்குள்ள வாராவ.

அவ்வொளப் பத்திச் சொல்லணும். பஸ் டிப்போவுல டைம்கீப்பரா இருந்தாவ. எந்த வண்டி எப்ப வரும், எப்ப போகும், எல்லாம் நுனி நாக்குல இருக்கும். ரிட்டையரான அன்னைக்கு மாலையும் கழுத்துமா வந்து சாய்வு நாற்காலியில சாஞ்சாவ பாருங்க, அதோட பேச்சு நின்னுட்டு. சண்டை சச்சரவு ஒண்ணும் கெடையாது. கேட்டதுக்குப் பதில் உண்டு. "காப்பி?" "ம்." "தோசையா, இட்லியா?" "எதுன்னாலும்." மக மஸ்கட்ல இருந்து போன் போட்டா, "இந்தா, அம்மைட்ட குடுக்கேன்"னு என் கையில நீட்டிருவாவ. டிவியில சத்தத்தக் கொறச்சு வச்சுட்டு, செய்தி வாசிக்கவன் வாயசைக்கதப் பாத்துக்கிட்டே இருப்பாவ. ஆம்பளைங்க வயசானா அப்படித்தான்னு நானும் விட்டுட்டேன். அதுக்காக நான் ஒண்ணும் ஏங்கிப் போயிரல. எனக்குச் சோலி கெடக்கு.

அந்த மனுசன் மம்பட்டியத் தூக்குனாவ!

அடுக்களைக் கொழாய் சொட்டுது சொட்டுதுன்னு சொல்லிச் சொல்லி என் வாயி தேஞ்சு போச்சு. அதுக்கு எந்திரிக்காத மனுசன். "மாமா, வாத்துக்கு ஒரு குழி வெட்டணும், எந்த எடம் தோதுப்படும்?"னு அவ கேட்ட ஒத்தை வார்த்தைக்கு, சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கிட்டாவ. வெட்டுதாவ, மண்ணச் சொமக்காவ, நொச்சிக்கம்ப ஓரத்துல ஊணுதாவ. ஒரு நாளைக்கு ரெண்டு நாளைக்குன்னு பாத்தா, காலையில காப்பி குடிச்சதும் பின்னால போனா மத்தியானச் சோத்துக்குத்தான் உள்ள வாராவ. காலு பூராவும் சகதி. தார்சாத் தரையில ஒவ்வொரு அடியா அச்சு வச்சாப்புல. தொடைக்கது யாரு? நானு.

ஒரு நாளு அடுக்களையில நிக்கேன். பின்னால ஒரு சத்தம். யாருக்கோ தொண்டையில என்னமோ சிக்கிக்கிட்ட மாதிரி. அவ்வொளுக்குத்தான் என்னமோ ஆயிட்டுன்னு கரண்டியப் போட்டுட்டு ஓடுதேன். போயிப் பாத்தா, சிரிக்காவ. மம்பட்டிக் காம்பப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, சிரிக்காவ. எனக்கு அந்தச் சத்தம் அடையாளமே தெரியலம்மா. மறந்து போச்சு. என்னன்னா, வாத்து முட்டையக் கோழிக்கு அடை வச்சிருக்கா இவ. குஞ்சு பொரிச்சு எல்லாம் தண்ணியில எறங்கிட்டு. கோழி கரையில நின்னு அங்கயும் இங்கயும் ஓடிக் கத்துது. இதுல சிரிக்க என்ன இருக்கு? அடை காத்தவளுக்குப் பதறாதா? பாவம் அது. அதப் பாத்துப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்காவ ரெண்டு பேரும்.

அதுல இருந்து சாப்பாட்டுக்கு உக்காந்தா வாத்துப் பேச்சு. பேச்சே இல்லாத மனுசன் பேசுதாவ. "அந்தக் கறுத்தது இன்னைக்கு நொச்சி மூட்டுல முட்டை விட்டுருக்கு." "சேவலு வாத்தக் கண்டா ஒதுங்கிப் போகுது." "ஆவாரையில மஞ்ச வண்ணத்துப்பூச்சி வந்து முட்டை வைக்கு, எலைக்கு அடியில பாத்தேன்." ஆவாரைக்கு அடியில குனிஞ்சு பாக்காவ, வீட்டுல மட்டும் குனிஞ்சா இடுப்பு புடிக்குன்னு செருப்ப நான் எடுத்து வைக்கணும். நான் சோத்தப் போட்டுட்டு ஊம் கொட்டிக்கிட்டு இருந்தேன். வாத்துக் கத கேக்கதுக்கா நான் இம்புட்டு வருசம் எதிர்ல உக்காந்திருந்தேன்? முட்டை குடுப்பா அவ. நான் தொட மாட்டேன், கவிச்சி. அவ்வொளுக்கு மட்டும் மிளகு தூக்கலாப் போட்டுப் பொரிச்சுக் குடுப்பேன். பிடிக்குதுன்னாவ. சரின்னு குடுத்தேன்.

இதுவரைக்கும் நான் பொறுத்தேன். கேட்டுக்கிடுங்க, இதுவரைக்கும்.

என் பேரு உலகம்மா. தென்காசியில தெருவுக்கு நாலு உலகம்மா இருப்பா, எல்லாம் அம்மன் பேரு. கல்யாணமான புதுசுல அவ்வொ என்னை "உலகு"ன்னு கூப்பிடுவாவ. எங்க அம்மை கூட அப்படிக் கூப்பிட்டதில்ல. மக பொறந்த பொறவு "பிள்ளைக்கு அம்மை" ஆனேன். பொறவு "இங்க பாரு" ஆனேன். பொறவு அதும் இல்ல, தொண்டையக் கனைப்பாவ, நான் போவேன். அது கெடக்கட்டும்.

ஒரு நாளு காலையில மாவு ஆட்டிக்கிட்டு இருக்கேன். பின்னால இருந்து அவ்வொ சத்தம். "உலகு... ஏ உலகு... வா, வா."

நான் எந்திரிச்சுட்டேன். கையெல்லாம் மாவு. "இந்தா வந்துட்டேன்"னு சத்தங் குடுத்துக்கிட்டே போனேன். முட்டுவலி உண்டு எனக்கு, படி எறங்கணும்னா செவுரப் புடிச்சுத்தான் எறங்குவேன். அன்னைக்குப் புடிச்சனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. போயி நின்னு, "என்னங்க, கூப்பிட்டியளா?"ங்கேன். அவ்வொ கையில தவிடு. முன்னால ஒரு வெள்ளை வாத்து நிக்கு. அது என்னைத் திரும்பிப் பாக்கு. அந்த எழிலரசி வாயப் பொத்திக்கிட்டா. அவ்வொ என்னைப் பாக்காவ, வாத்தப் பாக்காவ. "இல்ல... இதத்தான்..."னு இழுத்தாவ.

வாத்தம்மா. வாத்துக்கு வச்சிருக்காவ எம் பேர.

நான் உள்ள வந்து மிச்ச மாவ ஆட்டினேன். மத்தியானம் சோறு போட்டுட்டு, "வாத்துக்கு வேற பேரே கெடைக்கலியா?"ன்னு கேட்டேன். சாதாரணமாத்தான் கேட்டேன். அவ்வொ தட்டப் பாத்துக்கிட்டே, "அது நடக்கது உன்னைய மாதிரியே இருந்துச்சு"ன்னாவ. பாருங்க கொழுப்ப! முட்டுவலிக்காரி நடையக் கேலி பண்ணுதாவ. அதுக்கு மேல என்னமோ சொன்னாவ. அதுதான் கூட்டத்துக்கு முன்ன போகுமாம், எல்லாரையும் வைஞ்சுக்கிட்டே போகுமாம், ஆனா கடைசியில எதுவும் பிந்திட்டுன்னா தான் மட்டும் நின்னு திரும்பிப் பாக்குமாம். அது வராம இது கூடு அடையாதாம். என்னமோ சொன்னாவ. அத யாரு கேட்டா? அந்தத் தெருப்பக்கம் போற வாரவன் எல்லாம் கேக்க, தெனமும் "உலகு, உலகு"ன்னு வாத்த வெரட்டினா எனக்கு எப்படி இருக்கும்? நீங்க சொல்லுங்க.

அப்பதான் பாம்பு வந்துச்சு. ஆமா, பாம்பு. ஆதண்டை வேலியில ஒரு சட்டை தொங்கிக்கிட்டு இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன். இவள்ட்டச் சொன்னா, "சாரைதான் அத்தை, எலி புடிக்கும், நல்லது"ங்கா. பாம்பு நல்லதாம்! அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன். பாம்புக்காகத்தான். வேற என்னத்துக்கு?

தோதா வந்து அமைஞ்சுச்சு. அவ்வொளுக்குக் கண்ணுல புரை. திருநெல்வேலியில ஆப்பரேசனுக்குத் தேதி குடுத்தாவ, கொழுந்தன் மகன் கூட்டிட்டுப் போனான், அங்கனயே தங்கணும். அதே வாரம் இவளும் நாத்தனாருக்கு வளைகாப்புன்னு தூத்துக்குடி கெளம்பினா. போகும்போது, "அத்தை, உங்களை நம்பித்தான் போறேன். காலையில தொறந்து விட்டு, சாயங்காலம் கூட்டை மட்டும் அடைச்சிருங்க"ங்கா. என்னைய என்ன, கோழி மேய்க்கவன்னு நெனச்சாளா?

பொக்லைன் மிஷினக் கூப்பிட்டேன். உள்ள வாரதுக்கு வழி வேணும்லா, ஒரு பக்கம் கம்பி வேலியக் கழட்டினாவ. கொஞ்ச நேரத்துல எல்லாம் முடிஞ்சுட்டு. அவ எத்தனை மாசமா வச்சதோ, ஒரு காப்பி குடிச்சு முடிக்கதுக்குள்ள வழிச்சுட்டான். ஆவாரை பூத்து நின்னுச்சு. அந்த டிரைவரு எறங்கி வந்து, "யம்மா, இது இப்படிப் பூத்து நிக்கே, இதையுமா எடுக்கணும்?"னு கேட்டான். "உன் வேலையப் பாரு"ன்னேன். ஒரு கொத்தப் பறிச்சு வண்டியில கண்ணாடிக்கு முன்னால சொருவிட்டு, மிச்சத்தத் தள்ளினான். குழியையும் மூடியாச்சு. பாம்பு? ஒண்ணும் வரல. எங்கயாவது ஓடியிருக்கும்.

எடம் எப்படி ஆயிட்டுங்கிய! பளிச்சுன்னு. பழைய மாதிரி. நான் வாரியல எடுத்து ஒரு தடவ தூத்தேன். பொறவு கூட்டத் தொறந்து விட்டேன். பாவம், எத்தனை நேரம் அடைஞ்சு கெடக்கும்?

அதுகளுக்கு எங்க போகன்னு தெரியல. கோழியெல்லாம் மதிலோரமா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. வாத்துக குழி இருந்த எடத்துல போயி நின்னு மண்ணக் கொத்துது. வெயிலு. நான் உள்ள போயி ரசத்துக்குப் புளி கரைச்சேன். அவ்வளவுதான். சத்தம் கேட்டு ஓடியாந்தா, கழட்டின கம்பி வழியா தெரு நாய்க உள்ள வந்துட்டு. ஆதண்டை இருந்தவரைக்கும் ஒரு நாய் எட்டிப் பாத்ததில்ல. அந்தச் செடி வைக்காமலே இருந்திருந்தா நான் அந்தப் பக்கமும் மதிலு கட்டியிருப்பேன்லா? எல்லாத்துக்கும் மூலம் அவதான்.

நான் வாரியலோட எறங்கினேன். எத்தனை நாயின்னு எண்ணவா முடியும்? இங்க ஒண்ண அடிச்சா அங்க ஒண்ணு கவ்வுது. கோழி சிலது பறந்து மதிலு ஏறிட்டு. வாத்தால பறக்க முடியாதுல்லா. நான் அடுக்களைக் கதவத் தொறந்து வச்சு, "வா, வா, உள்ள வா"ன்னு கத்துதேன். வரிசையா ஓடியாருது. முன்னால அந்த வெள்ளை. அடுக்களைப் படி வரைக்கும் வந்துட்டு. ஒரு எட்டு வச்சா உள்ள. அதுல பாருங்க, நின்னுச்சு. திரும்பிப் பாத்துச்சு. நொண்டிக் குஞ்சு ஒண்ணு பிந்திப் போச்சு. கூறுகெட்ட சவம், அதுக்காகத் திரும்பிப் போச்சு! "ஏ, போகாத, போகாத"ன்னு நான் கத்துதேன், எம் பேரச் சொல்லியே கத்துதேன், கேக்கணுமே! நாயி அதக் கவ்விட்டு. நான் விடல. அடிச்சு வாயில இருந்து புடுங்கினேன். என் கெண்டைக்கால்ல இன்னொரு நாயி கடிச்சதே எனக்குத் தெரியல. ஆனா அதுக்குக் கழுத்து போயிட்டு. நொண்டிக் குஞ்சு மட்டும் எப்படியோ தப்பிச்சு என் சேலைக்குள்ள வந்து நிக்கு.

செத்ததையெல்லாம் குப்பை வண்டிக்காரன் எடுத்துட்டுப் போனான். அந்த வெள்ளைய மட்டும் நானே குழி வெட்டிப் பொதைச்சேன். நாறும்லா, அதான்.

நாய்க்கடிக்கு ஊசி பெரியாஸ்பத்திரியில நானே போயிப் போட்டுக்கிட்டேன். ஒருத்தர்ட்டயும் சொல்லல. குளிக்க எடத்துல வழுக்கிட்டுன்னேன். சொன்னா என்ன சொல்லுவாவ, "உனக்கு வேணும்"பாவ. உங்கள்ட்டதான் மொதல்ல சொல்லுதேன். நீங்க யாரு எவரோ, அதான்.

அவ்வொ கறுப்புக் கண்ணாடியோட வந்து எறங்கினாவ. நேரா பின்னால போனாவ. நான் அடுக்களையில நின்னு பாக்கேன். வாசப்படியில நின்னு கண்ணாடியக் கழட்டினாவ. கண்ணக் கூசிக்கிட்டு, "ஏ அப்பா, என்ன வெளிச்சம்! இப்படியா தெரியும்?"னாவ. சந்தோசமாச் சொன்னாவம்மா. ஆப்பரேசனாலதான் எல்லாம் வெளிச்சமாத் தெரியுதுன்னு நெனச்சிட்டாவ. கையத் தூக்கிக் கண்ணுக்கு மேல வச்சுப் பாத்தாவ. பொறவு கண்ணாடிய மாட்டிக்கிட்டு உள்ள வந்து, செவுரப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாவ. ஒரு வார்த்தை கேக்கல. "ஏன்டி"ன்னு ஒரு வார்த்தை? ஒண்ணு கெடையாது.

அவளாவது சண்டைக்கு வருவான்னு பாத்தேன். நானும் வாயில எல்லாத்தையும் அடுக்கி வச்சிருந்தேன், பாம்புல இருந்து ஆரம்பிக்கணும்னு. வந்தா. மண்ணுல நடந்தா. ஒரு வேரக் கையில எடுத்துப் பாத்துட்டு, இருந்த எடத்துலயே திரும்ப வச்சா. பொறவு என்கிட்ட வந்து, என் மூஞ்சியப் பாக்காம காலப் பாத்தா. "அத்தை, கால்ல என்ன கட்டு? நாய் கடிச்சுட்டா? ஊசி போட்டியளா?"ங்கா. பாத்தியளா நடிப்ப! புருசன் கண்ணுக்குத் தெரியாதது இவ கண்ணுக்குத் தெரியுதாம். சண்டை போடக்கூடத் துப்பில்லாத சென்மம். நான், "உன் சோலியப் பாத்துக்கிட்டுப் போ"ன்னேன். போயிட்டா. மிச்சக் கோழியையும் வாத்தையும் கூடையில எடுத்துக்கிட்டு, இலஞ்சிப் பக்கம் எடத்தோட ஒரு வீடு பாத்துப் போயிட்டா. அந்த நொண்டிக் குஞ்ச நானே கொண்டு போயி அவ கூடையில போட்டேன். இங்க எவ பாப்பா அத?

சரி, தொலைஞ்சுது, இனி நிம்மதின்னு பாத்தா, அதும் இல்ல. மழை பெஞ்சா பின்னால சேறும் சகதியும், தண்ணி வத்த மாட்டேங்கு. கொசு. நத்தை செவுரு ஏறி குளிக்க எடம் வரைக்கும் வருது, உப்பு போட்டு மாளல. எல்லாம் அவ மண்ணக் கெடுத்துட்டுப் போன வினை.

எங்க வீட்டுக்காரரா? இருக்காவ. என்ன செய்தாவன்னா, தெனமும் காலையில டவுன் பஸ் ஏறி இலஞ்சிக்குப் போறாவ. அங்க குழி வெட்டுதாவளோ, கூரை மேயுதாவளோ, யாருக்குத் தெரியும்? மத்தியானம் வந்து சாப்பிடுதாவ. சாப்பிட்டுட்டு, தன் தட்டத் தானே கழுவிக் கவுத்துதாவ. இந்த வீட்டுல ஒரு நாளு ஒரு பொழுது தட்டு கழுவாத மனுசன். "வைங்க, நான் கழுவுதேன்"னா, வைக்க மாட்டேங்காவ. எனக்கென்ன, எனக்கு ஒரு தட்டு மிச்சம். நான் ஏன் கவலப்படுதேன்?

அதான் சொல்லுதேன். வீட்டுக்கு வாரவுக செடி, கோழி, வாத்து, ஒண்ணு பேசப்படாது. மொதல்லயே கறாராச் சொல்லிருதேன். புடிச்சா வாங்க, இல்லன்னா வேற வீடு பாருங்க. முன்ன ரெண்டு மூணு பேரு வந்தாவ, கதையக் கேட்டுட்டு "யோசிச்சுச் சொல்லுதோம்"னு போனவுகதான். போகட்டும். பாதிக் கதையில எந்திரிக்கவளுக்கெல்லாம் நான் வீடு குடுக்கதா இல்ல.

ஆமா, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். இங்கன வீடு காலியா இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா? நான் போர்டு ஒண்ணும் மாட்டலியே.

யாரு?

பஸ் ஸ்டாண்டுலயா? வயசானவுகளா? கறுப்புக் கண்ணாடி... கக்கத்துல கொடை... வெள்ளை வேட்டியில முட்டுக்கிட்ட சகதியா?

அவ்வொளா சொன்னாவ? நெசமாவா?

பாத்தியளா கூத்த! என்கிட்ட ஒத்த வார்த்தை பேசாதவுக பஸ் ஸ்டாண்டுல நின்னு ஆளு புடிக்காவ. என்ன சொன்னாவ? பின்னால எடம் கெடக்கு, எது வேணும்னாலும் வச்சுக்கிடலாம்னா? அத எப்படி அவ்வொ சொல்லலாம்? வீட்டுக்கு யாரு சொந்தக்காரி? எங்க அப்பா எனக்குக் குடுத்த வீடும்மா இது. எது வேணும்னாலுமாம்! கண்ணு தெளிஞ்சதும் கொழுப்பு கூடிட்டு.

வேற? வேற என்ன சொன்னாவ? என்னைப் பத்தி எதுவும் சொல்லியிருப்பாவளே. சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். வாயாடின்னா? ராட்சசின்னா?

என்னது?

மேல ஆளு வந்தா... வீட்டுல அவளுக்குப் பேச்சுத்துணையா இருக்கும்னா? நாள் பூராவும் ஒத்தையில கெடக்கான்னா சொன்னாவ?

பேச்சுத்துணையா, எனக்கா? நான் கேட்டனா? பேச்சுத்துணை இல்லன்னு யார்ட்டயாவது போயி அழுதனா? கட்டினவுகளுக்கு வாய் இல்லாமலா போச்சு, எனக்கு வாடகைக்கு ஆளு புடிச்சுப் பேச வைக்க? நல்ல கூத்தா இருக்கே. ஊரு என்ன சொல்லும்?

எங்க, எந்திரிக்காதிய. காப்பி போடுதேன், குடிச்சுட்டுப் போகலாம். வெள்ளிக்கெழமை நாளு நல்லாத்தான் இருக்கு, பாலு காய்ச்சணும்னா காய்ச்சிக்கிடுங்க. அந்த எடத்தப் பத்தி நான் வைக்கலாம்னும் சொல்லல, வைக்கக் கூடாதுன்னும் சொல்லல. அத பொறவு பேசுவோம்.

அதுக்கு முன்ன ஒண்ணு. அவ்வொ சொன்னாவன்னு சொன்னியள்லா, அத இன்னொரு தடவ சொல்லுங்க. அவ்வொ எப்படிச் சொன்னாவளோ, வார்த்தை மாறாம அப்படியே சொல்லுங்க, பாப்போம்.